மண்டோருக்கு விழுந்த அறை

வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடுபவர், வாடிக்கையாளரின் வாய்மொழியைவிட நாடாவின் தேய்மானத்தை நம்புவது நல்லது. இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, எண்பதுகளின் நடுவில் கோலசிலாங்கூர் பட்டணத்தில் அத்தகைய கடையொன்றைத் திறந்த நான் இதை எப்போது கற்றேன் என்று துல்லியமாகச் சொல்ல முடியும்: தீபாவளிக்கு நான்கு வாரம் இருந்த ஒரு மழைக்காலச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கடை வைத்து நொந்தவர்களுக்கு மேற்கொண்டு முன்னுரை தேவையிராது.

தேய்ந்த இடம்

கோவிந்தன் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி. அவர் குடியிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடியோ இயந்திரம் இருந்தது அவர் வீட்டில் மட்டுமே. ஆகவே அவர் எடுத்துச் செல்லும் படத்தை நாற்பது பேர் பார்ப்பார்கள். அன்று அவர் திருப்பிக் கொடுத்த நாடாவைப் போட்டுப் பார்த்தேன். காதலும் கண்ணீரும் சண்டையும் பளிச்சென்று இருந்தன. முதலாளி தன் வேலைக்காரனைக் கன்னத்தில் அறையும் நகைச்சுவைக் காட்சியில் மட்டும் திரை முழுதும் வெள்ளைக் கோடுகள். அவர் முன்பு எடுத்த படங்களையும் சோதித்தேன். யாராவது அறை வாங்கும் இடமே எல்லாவற்றிலும் தேய்ந்திருந்தது.

எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று கேட்டேன். பதினொரு முறை என்று ஒளிக்காமல் சொன்னார். தோட்டத்து மின்சார இயந்திரத்தைப் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள் என்பதால், எந்தப் படத்தின் முடிவையும் அந்த லயத்தார் கண்டதில்லை. கண்டிப்பதற்காக நான் வாயெடுக்குமுன் அவர் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாம இருந்திச்சே டீச்சர், கடைசியில தெரிஞ்சிச்சா? எங்களுக்கு என்ஜின் நின்னு போச்சிலா."

நகைச்சுவை மட்டும்

படங்களைக் காப்பாற்ற ஒரு வழி கண்டேன். இரண்டு இயந்திரங்களை இணைத்து, அறை விழும் காட்சிகளை மட்டும் ஒரே நாடாவில் சேர்த்தேன். கோவிந்தனின் மனைவி அஞ்சலை, ஏழு மாதக் கர்ப்பிணி, இரண்டே நாளில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லையாம். காரணம் கூறும்படி, விடைத்தாள் திருத்தும் குரலில் கேட்டேன். "மொதல்ல கொஞ்சம் அழ வைக்கணும் டீச்சர். சும்மா உக்காந்திருக்கிறவன எப்படிச் சிரிக்க வைக்கிறது?"

அடி வாங்கும் உரிமை

அந்த நாடாவை விரும்பிக் கேட்டு வந்தவர் ஒருவர்தான்: அதே தோட்டத்து மேற்பார்வையாளர், மண்டோர் வேலாயுதம். தீபாவளி மாலை தோட்டத்து மண்டபத்தில் அந்த முதலாளி-வேலைக்காரன் காட்சியைத் தாமும் கோவிந்தனும் நடிக்கப் போவதாக அறிவித்தார். முதலாளி வேடம் உங்களுக்குப் பொருந்தும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அடிக்கிறவனப் பாத்து எவன் டீச்சர் சிரிக்கிறான்? அடி வாங்குறவனுக்குத்தான் கைத்தட்டு. அது நான்தான்."

அவர் போனபின் கோவிந்தன் தனியே வந்தார். விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டில் பெயர் கூப்பிட்டு, யார் எந்த நிரை மரங்களில் பால் வெட்டுவது என்று தீர்மானிப்பவர் மண்டோர். கோவிந்தனுக்கும் அஞ்சலைக்கும் லயத்தை ஒட்டி அடுத்தடுத்த நிரைகள். அவளது பால் வாளியையும் அவரே சுமந்து வந்தார். அறை சற்றுப் பலமாக விழுந்து மண்டோர் மனம் கோணினால், மறுநாளே கோவிந்தனைத் தொலைவிலுள்ள சதுப்பு நிரைக்கு மாற்றிவிடலாம். அப்புறம் பிள்ளைத்தாய்ச்சியின் வாளியை யார் தூக்குவது? "அடிச்சா நிரை போயிடும், அடிக்காட்டி நாடகம் போயிடும். நீங்களே சொல்லுங்க டீச்சர், எதப் போக்குறது?"

ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை என் கடையிலேயே ஒத்திகை நடந்தது. கோவிந்தனின் கை கன்னத்துக்கு நான்கு அங்குலம் முன்பே நின்றுவிட, மண்டோர் அடிபடாமலேயே சுழன்று விழுந்தார். அதைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. நான் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். உள்ளங்கை வந்து சேருமுன்னரே வேலைக்காரனின் முகம் திரும்பத் தொடங்கிவிடுகிறது. திறமை முழுதும் அறை வாங்குபவரின் கழுத்தில் இருக்கிறது. ஆகவே அடிப்பவர் தயங்க வேண்டாம், வாங்குபவர் முந்திக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன்.

மண்டோர் ஒன்பது முறை முயன்றார். கழுத்து அசையவில்லை. பக்திப் படம் கேட்டு வந்து காத்திருந்த பெரியவர், குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "தொழிலாளிக்கு முன்னால முப்பது வருஷமாத் திரும்பாத கழுத்து. ஒரு ஞாயித்துக்கெழமையில திரும்பிடுமா?"

மறுபடியும்

தீபாவளி மாலை ஏழு மணிக்கு நான் முன்வரிசையில், மண்டோரின் மனைவி பார்வதிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினார். மண்டோரின் கழுத்து திரும்பவில்லை. ஓசை கடைசி வரிசைவரை கேட்டது. கோவிந்தனின் முகம் வெளுத்தது. அஞ்சலை பாதி எழுந்துவிட்டாள்.

பிறகு கூட்டம் சிரித்தது. வீட்டில் பழகியபடியே, "பின்னுக்கு இழு, பின்னுக்கு இழு" என்று கத்தவும் தொடங்கியது. மண்டோர் கன்னத்தைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தார். பின்பு, நாடா பின்னோக்கி ஓடுவதைப் போலவே, பின்புறமாக நடந்து தொடங்கிய இடத்தில் போய் நின்றார். இவ்வாறு நான்கு முறை. நான்காவதற்குக் கோவிந்தன் கையெடுத்துக் கும்பிட்டார். மண்டோர் உதடு அசையாமல் முணுமுணுத்தது முன்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டது: "ஜனங்க கேக்குறாங்கடா. என் மானத்த வாங்காம நல்லா அடி."

பிரட்டு

கோவிந்தன் அஞ்சியதே நடந்தது. ஆனால் கோபத்தினால் அல்ல. விடுமுறை முடிந்த காலைப் பிரட்டில் கோவிந்தனின் பெயரைக் கூப்பிட்டதும் வரிசை முழுதும் சிரித்தது. மண்டோருக்கும் சிரிப்பு வந்து அடுத்த பெயர் வாயில் வரவில்லை. இருவரும் ஓரிடத்தில் நின்றால் வேலை நடக்காது என்று, வேறொரு மண்டோரின் கீழ் கோவிந்தனைச் சதுப்பு நிரைக்கு அனுப்பிவிட்டார். அஞ்சலை மட்டும் பழைய நிரையில்.

அடுத்த வாரம் படம் எடுக்கப் பார்வதி வந்தார். உள்ளங்கையில் வாளிக் கம்பி பதிந்த சிவந்த தடம். அஞ்சலையின் வாளியைத் தினமும் அவரே தூக்குகிறாராம். கணவரின் உத்தரவா என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருவத்தாறு வருஷமா நான் பாக்கணும்னு இருந்தத அவ புருஷன் நாலு தடவ காட்டுனாரு டீச்சர். இந்த வாளி ஒரு கனமா?"

ஆக, அறைந்தவர் கோவிந்தன், வாங்கியவர் மண்டோர், கண்டு களித்ததற்கான கட்டணத்தைத் தை மாதம் குழந்தை பிறக்கும்வரை வாளி வாளியாகச் செலுத்தியவர் மண்டோரின் மனைவி.