ஓடைமுகத்தில் வழி திறந்த ஆமினா அக்கா

கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஆமினா அக்காவின் மகள் நூர்ஜஹானிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா, உம்மா மவுத்தாப் போயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ஆத்துல மீன் புடிக்கிறவங்களுக்கெல்லாம் நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சரியம்மா என்றேன். பாதி தூக்கிய கதவை மறுபடி இறக்கிப் பூட்டினேன்.

எங்கள் லத்தா வட்டாரத்தில் ஆமினா அக்காவின் கடையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஒரு பக்கச் சுவரில் வலை, கயிறு, மிதவை. எதிர்ச்சுவரில் தூண்டில் கம்புகள், ரீல்கள். அலோன் படகுத்துறையின் வலைக்காரர்களும், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தது அந்த ஒரு கடையில்தான். கணவர் இறந்தபின் கடையை ஏற்றுக்கொண்டவர் அவர். தண்ணீர் என்றாலே பயம். "நான் மீன் புடிச்சதில்ல, மீன் புடிக்கிறவங்களப் புடிச்சு வச்சிருக்கேன்" என்று சிரிப்பார்.

அந்தப் பெஞ்சில்தான் ஒரு நாள் சண்டை வந்தது. மழைக்காலத்துக்கு முன்பு கொடுவா மீன்கள் கடல் ஓதம் ஏறும்போது அந்த நீரோடு ஆற்றிலிருந்து ஓடைக்குள் ஏறும். பர்மியர்கள் ககடிட் என்று சொல்லும் அதே மீன். வலைக்காரர் கோ அவுங் ஓடைமுகத்தில் கரைக்குக் கரை வலை கட்டியிருந்தார். எங்கள் தூண்டில் கூட்டத்தைச் சேர்ந்த பல் டாக்டர் ராஜன், படகுக்கு வழியில்லை என்று வலையை அறுத்துவிட்டார். அறுந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கோ அவுங் கடைக்கு வந்தார். அவருடைய தாயார் தமிழர். அதனால் எங்களோடு தமிழிலேயே பேசுவார்.

"அவங்களுக்கு விளையாட்டு. எங்களுக்குச் சோறு அக்கா."

"ஆத்தையே அடைச்சா மத்தவன் எங்க போறது?" என்றார் டாக்டர்.

யார் செய்தது சரி என்று அக்கா சொல்லவில்லை. "நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் கோ அவுங்கின் சம்பானில் அக்காவும் டாக்டரும் நானும் ஏறினோம். படகின் நடுவே உட்கார்ந்து இரண்டு விளிம்பையும் இறுகப் பற்றிக்கொண்டார் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு உதடசைய ஓதிக்கொண்டே வந்தார். ஓடைமுகம் வந்ததும் கண்ணைத் திறந்து, கரையிலிருந்து கரை வரை மிதந்த மாற்று வலையின் மிதவைகளை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, எல்லாத்தையும் நீயே மறிச்சிட்டா, ஓடைக்குள்ள மேல வலை போடுறவன் என்ன செய்வான்?"

கோ அவுங் துடுப்பை நிறுத்தினார். மேலே வலை போடுகிறவர் அவருடைய மைத்துனர்தான்.

பிறகு அக்கா டாக்டரிடம் திரும்பினார். "நீங்க புடிக்கிறத எல்லாம் என்ன செய்றீங்க டாக்டர்?"

டாக்டர் தயங்கினார். "தெரிஞ்ச சாப்பாட்டுக் கடைக்குக் குடுத்துடுவேன்."

"அந்தக் கடை முன்னாடி யார்கிட்ட மீன் வாங்கிச்சு?"

"எங்ககிட்டதான்" என்றார் கோ அவுங், மெதுவாக.

திரும்பும் வழியிலேயே பேச்சு முடிந்தது. ஓதம் ஏறும்போது ஓடையின் நடுப்பகுதியில் வலை இருக்காது. தூண்டில்காரர்கள் வீட்டுக் குழம்புக்கு ஒரு மீன் எடுத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப விடுவார்கள், விற்கமாட்டார்கள். அறுந்த வலையை டாக்டரே முடிச்சுப் போட்டுப் பின்ன வேண்டும் என்பது அக்கா சேர்த்த நிபந்தனை. ஒரு வாரம் மாலைதோறும் டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பின்னினார். அவர் போட்ட முடிச்சுகளைக் கோ அவுங் சத்தமில்லாமல் அவிழ்த்துத் திரும்பப் போட்டார். "பல்லு கட்டுறவருக்கு வலை கட்ட வரல" என்று அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார்.

சின்னக் கண் வலை விற்பதையும் அக்கா அதோடு நிறுத்தினார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சரக்கு. கேட்டு வந்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். நான் வருத்தப்பட்டபோது, "குஞ்சையும் வழிச்சு எடுத்துட்டா அடுத்த வருஷம் நான் எதப் பங்கு வைக்கிறது செல்வம்?" என்றார்.

ஏற்பாடு எப்போதும் நிலைத்தது என்று சொல்லமாட்டேன். புதுப் படகுகள் வந்து மீறின. அக்கா போய்ப் பேசினார். சில தடவை பலித்தது, சில தடவை இல்லை. பிறகு மீன் மிகவும் குறைந்த ஒரு வருஷம் வந்தது. எண்ணெய், அரிசி எல்லாம் எட்டாத விலை. கோ அவுங் கடைக்கு வந்து தலையைக் குனிந்தபடி, "இந்தத் தடவை முழுசா அடைச்சுக்கவா அக்கா?" என்றார்.

"அடைக்காத. உன் மைத்துனனுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றவர், எங்கள் பக்கம் திரும்பினார். "இந்த வருஷம் தூண்டில்காரங்க யாரும் ஓடைக்குப் போகாதீங்க."

"பங்குன்னா ரெண்டு பேருக்கும்தானே?" என்றார் டாக்டர்.

"பசிக்கிற வருஷத்துல பாதிப் பாதி நியாயம் இல்ல டாக்டர்."

டாக்டர் தலையசைத்தார். அந்த வருஷம் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் வெறுமனே உட்கார்ந்து கதை பேசினோம். அக்கா தேநீர் வாங்கித் தந்தார். தூண்டில் எடுக்காத அந்தப் பருவத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

அடக்கத்தன்று கபர்ஸ்தான் வாசலில் டாக்டரும் கோ அவுங்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். "இன்னிக்கு ஆத்துல யாரும் இறங்கல" என்றார் கோ அவுங். யாரும் சொல்லி நடந்ததல்ல அது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். தீர்ப்புச் சொல்லும் முன், பயமாக இருந்தாலும், அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. போன வாரம் எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் தொட்டித் தண்ணீரில் தகராறு. இரண்டு வீட்டுக்காரர்களும் என் வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். முன்பென்றால் கதவைச் சாத்தியிருப்பேன். இந்தத் தடவை முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறினேன். ஐந்தாம் மாடி வீட்டில் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்தபடி நின்றேன்.