அக்கா நிமிர்த்திய கோடு

எனக்கு அப்போது உங்கள் வயதுதான், ஒன்பது. தலையின் பின்பக்கத்தில் உள்ளே ஒரு கட்டி வந்தது. அதை வெட்டி எடுத்த பிறகும் மிச்சம் இருக்கக்கூடும் என்று, கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிழமைக்கு ஐந்து நாள் தலைக்கும் முதுகுக்கும் மிச்சக் கட்டியை அழிக்கும் கதிர் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் கை நரம்பில் மருந்தும் ஏற்றினார்கள். எது சரிவரும் என்று டொக்டர்மாருக்கே தெரியாது, அதுதான் இரண்டையும் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில், ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும் என்பதற்காகவே இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள்.

கதிர் இடம் தவறி விழாமல் இருக்க என் முதுகில் நீல மையால் கோடு கீறியிருந்தார்கள். தண்ணீர் வார்க்கலாம், தேய்க்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்.

விடுமுறைகள் சேர்ந்து வந்ததில் நான்கு நாளுக்குச் சல்லி என்ற எங்கள் கடற்கரைக் கிராமத்து வீட்டுக்கு வந்தோம். அப்பா தோணியில் போயிருந்தார். அம்மா குசினியில் சமையலில். என்னைவிட இரண்டு வயது மூத்த அக்காவும் நானும் கடலில் இறங்கி அலையில் உருண்டோம். கரைக்கு வந்து பார்த்தால், மணல் உரஞ்சிக் கோடு பாதி போய்விட்டது.

அக்கா பயந்தது கொஞ்ச நேரம்தான். பள்ளிக்கூடப் பையிலிருந்து நீலப் பேனையும் அடிமட்டமும் எடுத்து வந்தாள்.

"கோணலாக் கீறி வச்சிருக்கினம், கண் தெரியாத ஆக்கள் போல."

"நீ அப்பிடியே கீறு அக்கா."

"ஆடாத. அம்மாட்ட சொன்னா ரெண்டு பேருக்கும் அகப்பைக் காம்புதான், விளங்கிச்சோ?"

படம் கீறுவதில் வகுப்பில் அவள்தான் முதலாவது. மிச்சமிருந்த கோணலையும் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, நேராக ஒரு கோடு கீறினாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் வழமைபோல் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, தலை அசையாதபடி வலை மாதிரி ஒரு மூடியால் பூட்டினார்கள். மெஷினைப் பார்க்கும் அண்ணா என் முதுகில் விளக்கைப் பிடித்தார். அன்று அதிக நேரம் எடுத்தார். சொன்னால் அக்காவுக்கு அடி. சொல்லாவிட்டால் கதிர் வேறெங்கோ விழும். ஏதும் அந்தரம், கஷ்டமென்றால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். தூக்கினேன்.

மூடியைக் கழற்றிவிட்டு, "என்ன தம்பி, படுக்க ஏலாதோ?" என்றார்.

"அந்தக் கோடு அக்கா கீறினது."

அவர் சிரிக்கவில்லை. "இவ்வளவு நேரா இருக்கே எண்டுதான் நானும் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். அன்று கதிர் இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் புதிதாக அளந்து கீறினார்கள். அம்மா என்னை ஏசிவிட்டு, அழுதா.

பின்னேரம் விஷயம் கேள்விப்பட்டு, ஊரில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்தாள்.

"நான் கீறின இடத்தில கதிர் பட்டதோடா?"

ஏச்சு வாங்கிய கோபம் எனக்கு. "ஓம், அங்கதான் பட்டது" என்றேன், சும்மா பகிடிக்கு, பொய்யாக. அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நானும் வைத்துவிட்டேன்.

நான்கு கிழமை கழித்து, கதிர் முடிந்து வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் என் மொட்டைத் தலையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் நான் போட்டிருந்த சேட்டைத் தூக்கி முதுகைப் பார்த்தாள்.

"எந்த இடத்திலடா பட்டது?"

"எது?" எனக்கு மறந்தே போயிருந்தது. "ஓ, அதுவோ? பகிடிக்குச் சொன்னனான்."

ஓங்கி முதுகில் ஒன்று போட்டாள். "வருத்தக்காரப் பிள்ளைக்கு அடிக்கிறியே!" என்று அம்மா கத்தினா.

அன்று மத்தியானம் அக்கா மீன்குழம்பு கேட்டு வாங்கி, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். "அண்டைக்குப் போன் கதைச்சதில இருந்து மீன் மச்சம் ஒண்டும் தொடமாட்டன் எண்டு நிண்டவள், இப்ப பாரன்" என்றார் அப்பா. சரியான பிடிவாதக்காரி என்றா அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரிய துண்டு அவளுக்குப் போய்விட்டதே என்று முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன்.