பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த மருந்து

சில வருடங்களுக்கு முன், நான் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. எங்கள் வீடு சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறது. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம் அவருடையது. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப்போவதில்லை.

ஆனால் அம்மாவின் நோயை நாங்கள் மறைத்தோம். பெருங்குடல் முழுக்கப் புண். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ரத்தத்தோடு போகும். மலைச்சரிவில் கொழுந்து எடுப்பவர்களுக்குக் கழிப்பறை ஏது? அம்மா பட்டினியாகவே மலைக்குப் போவார். அப்படியும் நிற்காது. எடுத்துக்கொண்டிருக்கும் நிரையை, தன் பங்குச் செடி வரிசையை, அப்படியே விட்டுவிட்டுப் புதருக்குள் ஓடுவார். அங்கே யானை நிற்கிறதா என்று பார்க்கக்கூட நேரமிருக்காது. திரும்பி வரும்போது மற்றவர்கள் நிரையை முடித்திருப்பார்கள். என்னவென்று கேட்டால் வயிற்றுவலி என்பார். அதற்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் சேர வயிற்றுக்கு வெளியே பை வைக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"பைய வச்சிக்கிட்டு இடுப்புல படங்கு கட்ட ஏலுமா?"

கொழுந்து எடுப்பவர்கள் செடி கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தார்ப்பாய்தான் படங்கு. அதைக் கட்ட முடியாவிட்டால் வேலை இல்லை. நிரந்தரத் தொழிலாளியாக அம்மாவின் பேர் இருப்பதால்தான் எங்களுக்கு லயத்து வீடு. அப்பாவுக்குத் தினக்கூலி வேலை. அம்மாவின் பேர் போனால் நாங்கள் நால்வரும் தெருவில் நிற்போம்.

டாக்டர் யோசித்துவிட்டு இன்னொரு வழி சொன்னார். நம் குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றனவாம். இந்த நோயில் அவை கெட்டுப்போய்விடுகின்றன. நல்ல ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்து, கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் செலுத்தினால் அந்தக் கிருமிகள் அங்கே பிடித்து வளரலாம்.

"மண்ணு கெட்ட பாத்தியில நல்ல மண்ணக் கொண்டாந்து போடற மாதிரிங்க. சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கறதில்ல. யாரும் ஊட்டுல தானா செஞ்சு பாக்கக் கூடாதுங்க, ஆபத்து" என்றார்.

கொடுப்பதற்கு நான்தான் முதலில் முன்வந்தேன். தேர்வு என்றால் எனக்குப் பயமில்லை. ஆனால் முதல் கேள்வியிலேயே தோற்றேன். முந்தின மாதம் தொண்டைவலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தேன். அந்த மருந்து நல்ல கிருமிகளையும் அழித்துவிடுமாம். அப்பாவுக்குச் சர்க்கரை. தம்பிக்கு வயிற்றில் புழு.

வேறு வழியில்லாமல் லயத்தில் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டோம். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு மாமா, "இத்தன வருசம் சும்மாவே போச்சே, இனிமே வெல பேசிட்டுத்தான்" என்றார். கொடுக்க மனமிருந்தவர்களும் உதவவில்லை. மழைக்காலம் முழுக்கக் காய்ச்சல் வந்து எல்லோருமே மாத்திரை விழுங்கியிருந்தார்கள்.

"மாத்திரைய வாயில வைக்காதவ இந்த லயத்துல ஒருத்திதான். ஆனா நீ அவகிட்டப் போயி கேக்கமாட்ட" என்றார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அத்தையைத்தான் சொன்னார். அம்மா வந்த அதே கப்பலில் வந்தவர்தான் அவரும். என்னை விடுதியில் சேர்த்த அன்று, குழாயடியில் எல்லோர் முன்னாலும், "பொட்டப்புள்ளயப் படிக்கவச்சு தொரையாவா ஆக்கப்போறா" என்று கேட்டவர். அன்றோடு அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். நானும்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டுகையில் தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன்.

அந்த வாசலுக்குத்தான் போனேன். அத்தை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க வாயிலருந்து வர்ற வார்த்தையவே ஒங்கம்மா வாங்கிக்கமாட்டா. இதையா வாங்கிக்கப்போறா?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "பேச்ச விட்டதுலருந்து அவ வீட்டுல ஒரு சொட்டு தேத்தண்ணி குடிச்சதில்ல நான்" என்றார்.

"இது தேத்தண்ணி இல்லம்மா" என்றேன்.

பல மாதங்களுக்குப் பிறகு அம்மா சிரித்தார். சிரித்ததனாலேயே எழுந்து ஓடவும் வேண்டியிருந்தது.

பரிசோதனைக்காகப் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நடுவில் நான் உட்கார்ந்தேன். ஊட்டி வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அத்தை சொன்னார்: "வெளிய பாத்துக்கிட்டு வரச் சொல்லு, கொமட்டாது." அம்மா சொன்னார்: "தெரியும்னு சொல்லு." மேட்டுப்பாளையம்வரை இரண்டு பேருக்கும் நான்தான் தபால்காரி.

அத்தைக்கு ரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று, "பாஸா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "மொத மார்க்குங்க" என்றார். அத்தை என் பக்கம் திரும்பினார். "பாத்தியா புள்ள, படிக்காமலே பாஸு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதைவிட நல்ல செய்தியை நான் கேட்டதில்லை.

சிகிச்சை நாள் காலையில்தான் சிக்கல் வந்தது. அம்மாவின் குடலை முந்தின நாளே சுத்தப்படுத்தித் தயாராக வைத்திருந்தார்கள். அத்தை அன்றைக்கே புதிதாகக் கொடுக்க வேண்டும். அவருக்கோ வரவில்லை. மேல்நாட்டுக் கழிப்பறைக்குள் போய்விட்டு வந்து, "நாக்காலியில ஒக்காந்து எப்புடி புள்ள?" என்றார். பின்கட்டில் நம்மூர்க் கழிப்பறை இருந்தது. அங்கேயும் வரவில்லை. நர்ஸ் டப்பாவோடு வெளியே நின்றார், அத்தைக்குக் கூச்சம் இன்னும் கூடியது. அன்று விட்டால் அடுத்த முறை எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் அம்மாவின் உடம்பு தாங்குமா என்றும் தெரியாது.

அம்மாவின் கட்டிலருகே போய் மெதுவாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்:

"அவளுக்கு வெறும் வயித்துல வராது. சாயத்தண்ணி வேணும், பாலு ஊத்தாம, கொதிக்கக் கொதிக்க. சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுக் குடிப்பா. அப்புறம் பெரட்டுக்கு ஏத்தம் ஏறணும். பாதி ஏத்தத்துல திரும்பி ஓடிவருவா. இத்தன வருசமா செவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுத்தானே கெடக்கேன்."

பிரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடம். அது எங்கள் லயத்துக்கு மேலே மேட்டில் இருக்கிறது. மருத்துவமனையில் மேட்டுக்கு எங்கே போவது?

கேன்டீனில் கெஞ்சிக் கறுப்புத் தேநீர் வாங்கினேன், சீனி தனியாக. பிறகு அத்தையை மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார், நான் பின்னால். காவலாளி, "ஏனுங்கம்மா, லிப்ட் இருக்குதுங்களே" என்றார். "இது வேலையா போறது" என்றார் அத்தை, நிற்காமலே. நான்காவது மாடியில் சட்டென்று நின்றார். என்னைப் பார்த்தார்.

"எறங்கு புள்ள, எறங்கு."

ஓடினோம். அந்தப் படிகளில் அத்தை இறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கழிப்பறைக் கதவு திறந்து, டப்பாவை வாங்கிய நர்ஸ் சரி என்று தலையை ஆட்டியபோது நான் அங்கேயே கைதட்டிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை.

அன்றே அதை அம்மாவுக்குச் செலுத்தினார்கள். அதன் பிறகும் இடைவெளி விட்டுப் பல தடவை போனோம். மூன்றாவது தடவைக்குப் பிறகு ரத்தம் நின்றது. போகும் தடவைகளும் மெல்லக் குறைந்தன. உள்ளே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புண்கள் ஆறிக்கொண்டு வருகின்றன, அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றார். மருந்தும் பரிசோதனையும் தொடர வேண்டும் என்றார். தொடர்கிறோம்.

அடுத்த விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தபோது அம்மா காலையில் வயிறு நிறைய ரொட்டி சாப்பிட்டுவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். சாயங்காலம்வரை நிரையை விட்டு நகரவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் வந்து சொன்னார்கள். அம்மாவின் பேர் இருக்கிறது, வீடும் இருக்கிறது.

இரண்டு பேரும் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் நேருக்கு நேர். குழாயடியில் அத்தை எல்லோரிடமும், "அவ வயித்துல ஓடுறது என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "அதான் இப்பல்லாம் எனக்கும் வாய் நீளுது" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள், அத்தையும்தான்.

வெட்கப்பட்டு வாயைத் திறக்காமலிருந்த காலத்தில் அம்மாவை ஏறக்குறைய இழந்தே விட்டிருந்தோம். லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்ன பிறகுதான் அவர் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார். அதனால் இன்று யார் கேட்டாலும், அம்மாவுக்கு என்ன மருந்து, அதைக் கொடுத்தது யார் என்று, என் பட்டத்தைச் சொல்லும்போது வருகிற அதே நிமிர்வோடு, குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறேன்.