இரண்டாவதாக எழுதிய வார்டு

உங்கள் அக்கா நர்சிங் முடித்த வருஷம், நம் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். அப்போது சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

முகப்பேர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் புது நர்சுகளுக்கு ஒரு வருஷப் பயிற்சி. எந்த வார்டு வேண்டும் என்று மூன்று விருப்பத்தை வரிசையாக எழுதித் தரவேண்டும். அக்காவுக்குப் பச்சிளங்குழந்தை வார்டுதான் வேண்டும். படிக்கும்போதே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியிலும் ஷிப்டு விருப்பம் எழுதி வாங்குவார்கள். முதலில் எழுதியதை சூப்பர்வைசர் கொடுக்கவே மாட்டார். கேட்டது கிடைத்தால் எங்களுக்குத் திமிர் வந்துவிடுமாம். அதனால் வேண்டாததை முதலில் போட்டு, வேண்டியதை இரண்டாவதாகப் போடுவோம். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அக்காவையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

"அங்கெல்லாம் அப்டி இருக்காது நைனா" என்றாள் அக்கா.

"நான் எத்தினி ஃபாரம் பாத்துகீறேன், நீ எழுது" என்றேன்.

முதலில் டயாலிசிஸ் என்று எழுதினாள். டயாலிசிஸே வந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். பயிற்சியைக் கவனிக்கும் மேடம் பொறுமையாகச் சொன்னார்: முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அதையே கொடுத்துவிடுவார்களாம். பச்சிளங்குழந்தை வார்டு நிரம்பிவிட்டது. இன்றே சேரவேண்டும், இல்லையென்றால் அடுத்த பேட்ச் வரை காத்திருக்கவேண்டும். அப்போதும் அந்த வார்டு கிடைக்கும் என்று சொல்லமுடியாது.

"வேணாம்னா அதை ஏன் சார் முதல்ல எழுதுனீங்க?" என்று கேட்டார்.

பதில் தெரியும். அந்த அறையில் சொன்னால் பைத்தியக்காரப் பேச்சாக இருக்கும். கேட்டதை அப்படியே கொடுக்கிற இடமும் உண்டு என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சேரட்டுமா, காத்திருக்கட்டுமா என்று அக்கா கேட்டாள். சேர் என்று சொல்ல வாயெடுத்தேன். உடனே, பழக்கத்தில், மனசில் இருப்பதற்கு மாறாக வேண்டாம் என்று சொல்வதுதான் சரி என்று பட்டது. கடைசியில், "தெர்லம்மா" என்றேன்.

"இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாம் இல்ல நைனா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைத் தாண்டித் திரும்ப ஆஸ்பத்திரிக்குள் போனாள். சேரப்போகிறாளா, வேண்டாம் என்று சொல்லப்போகிறாளா என்று தெரியவில்லை. பின்னால் போகலாமா, நிற்கலாமா என்றும் தெரியவில்லை. வந்த பஸ்ஸெல்லாம் போய்க்கொண்டே இருந்தது.

அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"திங்கக்கெழம காலைல டூட்டி, டயாலிசிஸ்ல" என்றாள்.

எனக்குச் சந்தோஷப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று விளங்கவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்தேன்.