கழிவா, குப்பையா?

போன வியாழக்கிழமை ஆனேக்கல் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் இரண்டுக்குக் கை இல்லை. எனக்குக் கிடைத்தது அந்த இரண்டில் ஒன்று… நான் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பதாகக் கேலி செய்து கடிதம் போடும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். கவலை வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். நான் எண்ணுவேன்.

கவலைக்குக் காரணம் ஸ்டெல்லா. என் அண்ணன் மகள். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவிலேயே வளர்ந்தவள். பெரிய ஹோட்டல் ஒன்றில் கிச்சன் மேனேஜராக இருந்தாள். பஃபே முடிந்ததும் அள்ளிக் கொட்டுகிற பிரியாணியைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப்போயிற்று. வேலையை விட்டுவிட்டாள். ஐ.டி. கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சும் சோற்றையும் காய்கறித் தோலையும் எடுத்து வந்து, மக்கவைத்து, உரமாக்கி விற்கப்போகிறாளாம்.

சோறு தானாக மக்கும், இதற்கு எதற்கு பர்மிஷன் என்று கேட்டேன். ஒரு கட்டுக் காகிதத்தை என் மடியில் வைத்தாள்.

படித்ததில் ஒன்று விளங்கியது. அந்த மிச்சச் சோறு ஆபீஸுக்கு ஆபீஸ் பெயரை மாற்றிக்கொள்கிறது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றித் தருகிற இடத்தில் அது தொழிற்சாலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அது திடக்கழிவு — கட்டுவதற்கு ஒரு அனுமதி, கட்டி முடித்தபின் நடத்துவதற்கு இன்னொரு அனுமதி. கரண்ட் கனெக்‌ஷனுக்கு அது கமர்ஷியல். மக்கி, சலித்து, மூட்டைக்குள் போய்விட்டால் அது உரம். லேப்பில் சோதித்த ரிப்போர்ட்டும் விவசாய இலாகாவின் லைசென்ஸும் இல்லாமல் விற்க முடியாது. நம் வீட்டு ஃபிரிட்ஜிலோ அது வெறும் நேற்றைய சோறு.

வேண்டாத தொல்லை என்றுதான் முதலில் புலம்பினேன். அப்புறம் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பக்கத்து வீடு எவ்வளவு தூரம்? கிணறும் ஏரியும் எவ்வளவு தூரம்? குவியலிலிருந்து கசிகிற தண்ணீர் எங்கே போகும்? தரை சிமென்டா, மண்ணா? நாற்றம் வந்தால் என்ன செய்வாய்? — அடுத்த வீட்டுக்காரன் கேட்கிற கேள்விகள்தானே இவை? அவன் கத்திக் கேட்பான். சட்டம் கட்டம் போட்டுக் கேட்கிறது.

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சந்தாபுரா தாண்டி, ஏற்கெனவே தொழிலுக்கென்று மாற்றப்பட்ட நிலம் ஒன்று லீசுக்குக் கிடைத்திருந்தது. பாக்கி இருந்தது ஊர்ப் பஞ்சாயத்தின் ‘ஆட்சேபணை இல்லை’ தீர்மானம். அது இந்தக் கூட்டத்தில் வராவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். வேலையைத்தான் விட்டாயிற்று. நிலமும் போனால்?

அந்த ஊரில் கன்னடமும் பேசுவார்கள், தமிழும் பேசுவார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுவார்கள். அதனால் வீடு வீடாகக் கொடுக்க இரண்டு மொழியிலும் நோட்டீஸ். கன்னடத்தில் ஸ்டெல்லாவின் தோழி எழுதினாள். தமிழுக்குச் சித்தப்பா இருக்கிறேனே!

ஸ்டெல்லா எழுதி வைத்திருந்தது: ‘கேன்டீன் குப்பையை உரமாக்கும் இடம்.’ எனக்குப் பிடிக்கவில்லை. குப்பை என்று அச்சடித்து ஒரு மனுஷன் கையில் கொடுப்பதா? அதை அடித்துவிட்டு மரியாதையாக எழுதினேன். ‘உணவுக் கழிவு மறுசுழற்சி நிலையம்.’ கீழே இன்னொரு வரி — ‘கழிவுகள் தினமும் மூடிய வண்டிகளில் கொண்டுவரப்படும்.’ எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. நான்கு தடவை சரிபார்த்தேன்.

வியாழக்கிழமை போனால், வாசலிலேயே முகங்கள் சரியில்லை. பஞ்சாயத்துத் தலைவர் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். கன்னட நோட்டீஸ் வாங்கிய வீடுகளில் பெரிதாக ஒன்றும் எதிர்ப்பு இல்லையாம். தமிழ் நோட்டீஸ் வாங்கியவர்கள்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வேண்டவே வேண்டாமென்று. அப்படி என்ன எழுதினீர்கள் என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரிந்தால்தானே?

பக்கத்து நிலத்தில் கீரை போடுகிற முனியம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் என் நோட்டீஸ், நாலாக மடித்து.

“டேங்கருங்க திருட்டுத்தனமா வந்து கால்வாயில ஊத்திட்டு ஓடிப்போவுது. அவனுக்காவது ஒரு பயம் இருக்குது. நீங்க தினமும் வருவோம்னு நோட்டீஸே அடிச்சிட்டீங்க. தைரியம்தான்.”

கூட்டம் சிரித்தது. ஸ்டெல்லா விழித்தாள். எனக்கு மெல்ல உறைத்தது. கக்கூஸ் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு மாநில எல்லை தாண்டி வருகிற டேங்கர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் முதுகில் தமிழில் கொட்டை எழுத்தில் என்ன எழுதியிருக்கும்? கழிவுநீர் ஊர்தி. அந்த ஊருக்குக் கழிவு என்றால் அதுதான். வேறு அர்த்தமே கிடையாது.

“ஐயோ, அது இல்லக்கா,” என்றாள் ஸ்டெல்லா. “சோறு, சாம்பார், காய்த்தோலு… கேன்டீன்ல மிஞ்சற குப்பை. மக்கவச்சு நிலத்துக்குப் போடறது.”

“குப்பையா?”

முனியம்மா உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் சாணமும் வைக்கோலும் மக்கி நிலத்துக்குப் போவதற்குப் பெயரே குப்பைதான். மாட்டுக் குப்பை, ஆட்டுக் குப்பை. நல்ல குப்பைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவார்கள்.

“குப்பைன்னு போடறதுக்கு என்னம்மா கேடு? யாரு இத எழுதுனது?” என்றார் முனியம்மா.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பெண். ஆனால் அவள் எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று எல்லோரும் பார்த்தார்கள்.

“பெரியவரு ரொம்பப் படிச்சவரு போல, பாவம்,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அகராதி என் பக்கம்தான் இருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அங்கே யாரும் கேட்கவில்லை.

பெயர் சரியானதும் வேலை முடிந்ததா? இல்லை. அப்புறம்தான் உண்மையான கேள்விகள் வந்தன. கசிகிற தண்ணீர் தன் போர்வெல்லில் இறங்கினால் என்ன கதி என்று முனியம்மா கேட்டார். ஸ்டெல்லா வரைபடத்தை விரித்தாள். மேலே கூரை, கீழே சிமென்ட் தரை, கசிவுக்குத் தனித் தொட்டி, அந்தத் தண்ணீர் திரும்பக் குவியலுக்கே. முனியம்மாவுக்குப் படத்தில் நம்பிக்கை இல்லை.

“நான் நெனச்ச அன்னைக்கு உள்ள வந்து பாப்பேன். கேட்ல நிக்க வைக்கக் கூடாது.”

எந்தப் படிவத்திலும் இல்லாத நிபந்தனை. யோசித்துச் சொல்கிறோம் என்று நான் சொல்வதற்குள் ஸ்டெல்லா சரி என்றுவிட்டாள். ‘அக்கம்பக்கத்தார் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம்’ என்று சேர்த்து, ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் எழுதினார்கள். கன்னடத்தில் அது ‘கொப்பர’ — உரம். இன்னொரு பெயர். குறித்துக்கொண்டேன்.

இன்னும் வாரியத்து இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். கட்ட வேண்டும். இரண்டாவது அனுமதி இருக்கிறது, உர லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் நிலம் ஸ்டெல்லாவிடம் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நாம் நாசூக்காக ஒரு சொல்லைப் போட்டு மூடினால், உள்ளே என்னவோ இருக்கிறது என்றுதானே எதிரே இருப்பவர் நினைப்பார்?

முந்தாநாள் ஸ்டெல்லா போன் செய்தாள். கேட்டில் போர்டு வைக்க வேண்டுமாம். கன்னடம் பெரிதாக, சட்டப்படி. அடியில் ஆங்கிலம். ஓரத்தில் தமிழுக்கு ஒரு சாண் இடம் மிச்சம். “என்ன எழுதலாம், சித்தப்பா?”

முனியம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டேன்.