லைன் போட்டோ

"உங்க வீட்டுல யார் யாரோட பேசறதில்ல?"

கல்யாண ஜோடி நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே அருணகிரி இதைக் கேட்டுவிடுவார். தேதி, மண்டபம், ஆல்பத்தின் அட்டை எல்லாம் அப்புறம். ஆம்பூர் பைபாஸில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய ஸ்டுடியோ. அங்கே எதிரில் உட்கார்ந்திருந்த வசந்துக்கு, தான் வந்தது போட்டோக்காரரிடமா வக்கீலிடமா என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது.

"எதுக்குண்ணே அது?"

"சொல்லு நைனா. பேசாத பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பக்கத்துல நிக்க வெச்சு, 'கொஞ்சம் நெருங்கி நில்லுங்க'ன்னு நான் சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ. உன் கல்யாணம் அங்கயே முடிஞ்சிடும்."

கட்டிக்கொள்ளப் போகிற மேகலா பக்கத்தில் சிரித்தாள். வசந்த் சொல்லத் தொடங்கினான். ஜோலார்பேட்டையில் ரயில்வே எலக்ட்ரீஷியன். ஒயர்களின் சிக்கல் தெரிந்தவன். தன் குடும்பத்தின் சிக்கல் இவ்வளவு என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. வரவழைத்த டீ ஆறி ஏடு கட்டிய பிறகும் அத்தைகள் மிச்சமிருந்தார்கள். அருணகிரி எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று ஒன்றையும் மறக்கவும் இல்லை.

அவரை அமர்த்துகிறவர்கள் வேறு சிலவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். 'சிரிங்க' என்று சொல்லமாட்டார். "மூச்சு விடு" என்பார். மாப்பிள்ளையும் பெண்ணும் அடைத்து வைத்திருந்த மூச்சை விடும் அந்த நொடியில் படம் எடுத்து முடித்திருப்பார். ட்ரோன் உண்டா என்று கேட்டால், "மேலேர்ந்து பாத்தா பந்தல்தான் தெரியும். இன்னா, பந்தல்காரனுக்கா கல்யாணம்?" என்று கேட்பார்.

ஒல்லியான ஆள். ஐம்பதை ஒட்டிய வயது. மண்டபத்துச் சுவரோடு சுவராகப் போய்விடும்படி சாம்பல் நிறச் சட்டைதான் எப்போதும். கேமரா வாரில் வரிசையாக ஊக்குகள் குத்தியிருக்கும். புடவை மடிப்பு நழுவிய எந்தப் பெண்ணுக்கும் அதில் உரிமை உண்டு. பையில் ஒரு துண்டு மெல்லிய ஆட்டுத்தோல். தோல் பதனிடும் ஊரில் இருந்துகொண்டு வேறு எதனால் துடைப்பது என்று, பேச்சு நின்ற இடத்திலெல்லாம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார். லென்ஸில் தெறித்துவிடும் என்று, அவர் முன்னால் யாரும் இரும முடியாது.

நல்ல நேரம், கெட்ட நேரம் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கெட்டிமேளம் சொல்வதற்கு முன் ஐயர் அவரைத்தான் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார். அருணகிரியின் சொந்தக் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை நேரே கேமராவை முறைத்துக்கொண்டிருக்கிறார். வந்த போட்டோக்காரர் விளக்கைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டாராம். "தாலி கட்டும்போது யாரைப் பாத்தேன்னு என் சம்சாரம் இன்னிக்கி வரைக்கும் கேக்குது."

பள்ளிகொண்டா மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வசந்த் அவருடைய திறமையைக் கண்ணாரக் கண்டான். தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் மாமாக்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார்கள். வேறொரு போட்டோக்காரராக இருந்தால் கத்தியிருப்பார். அருணகிரி ஒவ்வொரு மாமாவிடமும் பணிவாக ஒரு தட்டு அட்சதையை நீட்டினார். "பெரியவங்க, நீங்கதான் எல்லாருக்கும் குடுக்கணும்." பெருமையோடு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்கள். செல்போன்கள் சட்டைப்பைக்குப் போயின. மேடை விரியத் திறந்து கிடந்தது.

"நீங்க ஒரு நாளாவது யாருக்காவது அட்சதை போட்டிருக்கீங்களாண்ணே?" என்று வசந்த் மணையில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"போடறதுக்கு ஊரே இருக்குது நைனா. எடுக்கறதுக்கு நான் ஒருத்தன்தான்."

மூன்று முடிச்சும் விழுந்தது. அட்சதை மழை ஓய்ந்தது. அருணகிரி கேமராவைத் தாழ்த்திக்கொண்டு வசந்தின் காதருகே குனிந்தார்.

"பொண்ணு உன்னைப் பாக்கல. காலையிலேர்ந்து வாசலைத்தான் பாக்குது. இன்னான்னு கேளு."

வசந்துக்குச் சுருக்கென்றது. வாசலில் யார்? கேட்கப் பயந்துதான் கேட்டான். மேகலா தலை நிமிராமல் சொன்னாள்.

ஆம்பூருக்கு முன்னால், ஹைவேயை ஒட்டி இருக்கும் ஷூ கம்பெனியில் அவளுக்குத் தையல் மிஷின் வேலை. அங்கே ஒரு லைனில், ஒரே வரிசை மிஷின்களில், இருக்கும் பெண்களில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் லைன் முழுக்க ஒரே நிறப் புடவையில் வந்து மேடையேறும். அந்தப் படத்துக்கு லைன் போட்டோ என்று பேர். அவளுடைய கல்யாணத்துக்கு ரோஸ் நிறம் எடுத்திருந்தார்கள். ஆனால் ஷிப்மென்ட் தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள். நேற்று ரிசப்ஷன் முடிகிற வரைக்கும் ஓவர்டைம், இன்று ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. லைனில் ஒருத்திக்கும் லீவு இல்லை.

"எல்லார் கல்யாணத்துலயும் நான் நின்னேன். என் கல்யாணத்துல யாருமே இல்ல. வேலையை விட்டுட்டு நான் ஜோலார்பேட்டை வந்துடுவேன். அந்த லைன் எனக்கு இனிமே இல்லியே."

அருணகிரி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு எப்பம்மா கிளம்புது?"

"மத்தியானம். கடைசி கண்டெய்னர் போகும்போது கற்பூரம் ஏத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வெப்பாங்க. லைன் முழுக்க கேட்டுக்கு வரும்."

"அப்ப கேட்டைத் தொறப்பாங்க."

"தொறக்காம கண்டெய்னர் எப்படிப் போகும்?"

"அதான். சாப்பிட்டுட்டு கிளம்பலாம்." கம்பெனியில் இருந்த தோழி நந்தினிக்கு மேகலாவின் போனிலிருந்தே பேசி, யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொன்னார்.

வசந்தின் அம்மா கமலம் இதைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கல்யாணக் கோலத்துல கம்பெனி கேட்டுலயா நிக்க வெப்பாங்க? ராகு காலத்துக்கு முன்னாடி வீடு போய்ச் சேரணும்ப்பா!"

"சேத்துடறேன்மா," என்றார் ராகுவை நம்பாத அருணகிரி. "உங்க வாசல்ல நீங்க ஆரத்தி சுத்தற போட்டோ எனக்கும் வேணும் இல்ல? அதுவும் நல்ல நேரத்துலதான் வேணும்."

கம்பெனி கேட்டில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று, அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. இன்னொன்று, வளாகத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. மூன்றாவதாக வாட்ச்மேன் வாஹித் பாஷா இருந்தார். அருணகிரிக்குப் பழைய தோஸ்த். ஆனால் யூனிஃபார்மைப் போட்டுவிட்டால் அவருக்கு யாரையும் தெரியாது.

"ஷிஃப்ட் முடியாம யாரும் வெளிய வரக்கூடாது. நீ உள்ள வரக்கூடாது. போர்டு படிச்சியா?"

"படிச்சேன் பாய். யாரும் வெளிய வரல. நானும் உள்ள வரல. கண்டெய்னருக்குக் கேட்டைத் தொறக்கறது யாரு?"

"நான்தான்."

"தொறக்கறதுக்கு ரூல் இருக்குது. எவ்ளோ வேகமா சாத்தணும்னு ரூல் இருக்குதா?"

வாஹித் பாஷா பட்டு கட்டி மாலையோடு நின்ற மேகலாவைப் பார்த்தார். கேட்டின் சக்கரத்தைப் பார்த்தார். "கொஞ்ச நாளா பேஜார் புடிச்ச கேட்டு இது," என்றார். "சாத்தறதுக்கு லேட்டாவும்."

கேட்டுக்கு உள்ளே நந்தினி லைனை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் நிறுத்தியிருந்தாள். ரோஸ் புடவைகள் இல்லை. நீல ஏப்ரன்களும் தலையில் தொப்பிகளும்தான். கற்பூரம் எரிந்தது. கேட் திறந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற கண்டெய்னர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஹைவேக்கு வளைந்தது.

"நைனா, நீ வேணாம், தள்ளு. இது லைன் போட்டோ!"

மாப்பிள்ளை கேமரா பையைச் சுமந்துகொண்டு ஓரமாக ஒதுங்கினான். மேகலா கேட்டின் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். அந்தப் பக்கம் இரண்டு பாதிகளும் ஓடி வந்து நடுவில் ஒன்றாயின, திரை இழுத்து மூடுவதுபோல. யார் முகமும் யார் தலைக்குப் பின்னாலும் மறையவில்லை. முன்பின் பார்த்திராத அத்தனை பெண்களை வெறும் போன் பேச்சில் ஒரு மனுஷன் இப்படி அடுக்கிவிட முடியுமா என்று வசந்த் வாய் பிளந்து நின்றான். நந்தினியின் கை மட்டும் தண்டவாளத்தைத் தாண்டி வந்து மேகலாவின் தோளைப் பிடித்தது. வாஹித் பாஷா அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு விடுங்கம்மா."

மொத்த லைனும் மூச்சு விட்டது. மேகலா சிரித்தாள். காலையிலிருந்து எங்கே இருந்தது அந்தச் சிரிப்பு என்று வசந்த் திகைத்தான். கேட் ஊர்ந்தது. அத்தனை மெதுவாக ஒரு கேட் மூடி அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் அருணகிரி ஒரு படம் எடுத்தார். கடைசியில் கம்பிகள் நடுவில் வந்துவிட்டன.

"அய்யோ, அட்சதை கூட போடாம அனுப்பறோமே!" என்றாள் உள்ளேயிருந்து நந்தினி.

அருணகிரி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மண்டபத்திலிருந்து கொண்டுவந்தது, எப்போது எடுத்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கம்பிகளுக்கு இடையே நீண்ட கைகளில் எல்லாம் மஞ்சள் அரிசியைப் பகிர்ந்தார். வசந்தை இழுத்து மேகலாவின் பக்கத்தில் நிறுத்தினார். கம்பிகளுக்குள்ளிருந்து கையும் வளையலும் அரிசியுமாக ஒரே நேரத்தில் பறந்தது.

"அண்ணே, போட்டோ! போட்டோ எடுங்க!" என்று வசந்த் கத்தினான்.

கேமரா அவர் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டலத்தில் மிச்சமிருந்ததை அருணகிரி உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். பழக்கமில்லாத கை, இரண்டு தலைகளுக்கும் மேலே ரொம்ப உயரத்தில் வீசினார். பாதி அரிசி அவர் மேலேயே திரும்பி விழுந்தது. லென்ஸில் ஒட்டிக்கொண்ட ஒரு மணியை அவர் துடைக்கவில்லை.