செற்றிக்குப் போட்ட கூறை

கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பார்சலில் இரண்டு குஷன் உறைகள். தடித்த சிவப்புத் துணி முழுக்க மஞ்சள் பட்டுநூல் பூக்கள். இரண்டு நாளாக அவற்றைச் செற்றியில், அதுதான் சோபாவில், வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மா, உது புல்காரி. பஞ்சாபிப் பொம்பிளையளின்ரை கலியாணச் சால்வை. பழசுகளை வெட்டித் தைச்சு விக்கினம். வடிவோ?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"ஓம், நல்ல வடிவு" என்றேன். பொய்யில்லை. ஆனால் துணியை மூக்கருகே கொண்டுபோனதும் எங்கள் பழைய அலுமாரியின் வாசம், வசம்பும் பட்டும் கலந்தது, வந்துவிட்டது. அதன்பிறகு எங்கே நிம்மதி?

உங்களுக்குச் சொன்னால் என்ன. எனக்கு ஆசிரியையாக முதல் நியமனம் கிடைத்த காலம். உரும்பிராயில் வீடு. கூடப் படிப்பிக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ கை சும்மா இருக்காது. நாகரிகம் என்றால் குஷன் என்று நினைத்த வயது. அம்மா கோயிலுக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் அம்மாவின் கூறைச்சேலை, அரக்குச் சிவப்பு, கையகலச் சரிகை. தாலி கட்டிய அன்று உடுத்தது சும்மா கிடக்கிறதே என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். நாலு உறை தைத்தேன். மிச்சத்தால் ரேடியோவைக்கூட மூடினேன், பாருங்கள்!

அம்மா வந்து ஓர் உறையைத் தடவிப் பார்த்தார். "வடிவாத்தான் தைச்சிருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான். வந்தவர்களும் புகழ, நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

கணவன் உயிரோடு இருக்க இறக்கும் பெண்ணை அவளுடைய கூறையை உடுத்தி அனுப்புவது எங்கள் வழக்கம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அம்மாவும் ஒருநாள் போவார் என்பதுதான் தெரியவில்லை.

பதினாலு வருடம் கழித்து, அப்பா இருக்க, அம்மா போனார். குளிப்பாட்டி முடித்த பெரியம்மா அறை வாசலில் நின்று, "பிள்ளை, கொம்மாவின்ரை கூறையை எடு" என்றார்.

செற்றிக்கு ஓடி உறைகளைக் கழற்றினேன். "கொஞ்சம் பொறுங்கோ பெரியம்மா, இப்ப பொருத்திப்போடுறன்" என்று ஊசியைத் தேடி எடுத்தேன். நூல் கோர்க்க முடியவில்லை. வெளியே பறை முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா வந்து என் கையிலிருந்த ஊசியை வாங்கினார்.

"விடு பிள்ளை. கூறை குடுத்த நான் நிக்கிறன்தானே."

வேறொரு சேலை உடுத்திப் பெட்டியில் கிடந்த அம்மாவின் மேல் நாலு துண்டுகளையும் அவரே பரப்பினார். எல்லாம் அம்மாவோடு எரிந்தன.

பிறகு அப்பாவும் போனார். உரும்பிராய் வீடும் கைமாறிவிட்டது. ஏன் வெட்டினாய் என்று அம்மா ஒருநாளாவது கேட்டிருக்கலாம். நானும் எதிர்த்து வாய்காட்டி, அழுது, ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். இப்போது அந்தச் சண்டையைப் பிடிக்கத்தான் வீடு முழுக்க நடந்து திரிகிறேன். எதிரே நிற்க ஆளில்லை.